ஆபத்துச் செய்தி எழுத வருபவர்கள் வழுக்கி விழும் இடங்கள்

‘தினமும் இதைச் செய்பவரா நீங்கள்? புற்றுநோய் வரலாம்!’ என்ற ரகத் தலைப்போடு வரும் கட்டுரைகளைத் திருத்துவதுதான் என் பிழைப்பு. காபி, கருவாடு, செல்போன், தூக்கம் என்று எதைப் பற்றி ஆய்வு வந்தாலும் மறுநாள் ஒரு கட்டுரை மேசைக்கு வந்துவிடும். எழுதுபவர்கள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. அவற்றில் பாதி நானும் புதிதில் செய்தவைதான், அந்தக் கதை இங்கே வேண்டாம்.

வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பாதே, ஆய்வைப் படிக்காமல் எழுதாதே என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். ஆய்வைத் திறந்து, பொறுப்பாகப் படித்துவிட்டு எழுதுபவர்களும் செய்கிற தவறுகள் வேறு.

சதவீதத்தைச் சொல்லிவிட்டு, எத்தனை பேரில் என்பதை விட்டுவிடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். ‘அபாயம் இருமடங்கு’, ‘18 சதவீதம் அதிகம்’ என்று முதல் வரியிலேயே இருக்கும். எதைப்போல இருமடங்கு, எதில் 18 சதவீதம் என்பது கடைசி வரி வரை இருக்காது. கேட்டால், “ஆய்வுல அப்படித்தானே சார் போட்டிருக்கு” என்பார்கள். போட்டிருப்பார்கள்தான். அடிப்படை எண்ணும் அதே ஆய்வில் ஏதாவது ஓர் அட்டவணையில் பெரும்பாலும் இருக்கும். அதைத் தேடி எடுத்துக் கொடுக்கத்தானே நாம் இருக்கிறோம்?

இந்தத் தவறுக்கு என்ன விலை என்று கேட்பவர்களுக்கு 1995இல் பிரிட்டனில் நடந்ததைச் சொல்வேன். அந்த அக்டோபரில் அங்கிருந்த மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விட்டது. அப்போது புதிதாகப் புழக்கத்துக்கு வந்திருந்த ‘மூன்றாம் தலைமுறை’ கருத்தடை மாத்திரைகளைச் சாப்பிடும் பெண்களுக்கு, ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயம் பழைய மாத்திரைகளைவிடச் சுமார் இருமடங்கு என்றது. டாக்டர்கள் பலரின் கைக்குக் கடிதம் போய்ச் சேரும் முன்பே செய்தி டிவிக்கு வந்துவிட்டது. பயந்துபோய் மறுநாள் போன் செய்த பெண்களுக்கு என்ன பதில் சொல்வது என்று டாக்டருக்கே தெரியாத நிலை.

அந்த இருமடங்கு எவ்வளவு? பழைய மாத்திரை சாப்பிடும் 7,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் ஒருவருக்கு ரத்தம் உறைந்தது. புதியதைச் சாப்பிடும் 7,000 பேரில் இருவருக்கு. ஆக இருமடங்கு என்பது பொய்யில்லை. ஆனால் 7,000 பேரில் கூடுதலாக ஒருவர் என்று முதல் நாளே எழுதியிருந்தால், அட்டையில் மீதி மாத்திரை இருக்கும்போதே எத்தனை பேர் தூக்கி எறிந்திருப்பார்கள்?

எறிந்தார்கள். வேண்டாத கர்ப்பங்கள் கூடின. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதுவரை குறைந்துகொண்டு வந்த கருக்கலைப்புகள் அடுத்த ஆண்டில் சுமார் 13,000 அதிகமாயின. இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. கர்ப்பமே ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும். அன்றைய கணக்குப்படி, ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு, பழைய மாத்திரையில் 15, புதியதில் 30 வரை, கர்ப்பத்தில் 60. 30க்குப் பயந்து ஓடியவர்களில் பலர் 60இல் போய் விழுந்தார்கள்.

அதனால் என்னிடம் வரும் கட்டுரையில் மூன்று விஷயம் ஒரே வரியில் இருக்க வேண்டும்: எத்தனை பேரில், எத்தனை பேருக்கு, எவ்வளவு காலத்தில். ஒன்று விட்டுப்போனாலும் கட்டுரை திரும்பிப் போகும்.

2015இல் பதப்படுத்திய இறைச்சி பற்றிய செய்தி வந்தபோதும் இதே கூத்துதான். சாசேஜ், பேக்கன், ஹாம் போன்றவற்றைத் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுகிறது என்றது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு. தினமும் சாப்பிட்டால் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்குப் புற்றுநோய் என்று புரிந்துகொண்டு எழுதியவர்கள் உண்டு. பிரிட்டிஷ் கணக்கு என்ன சொல்கிறது? பதப்படுத்திய இறைச்சியை மிகக் குறைவாகச் சாப்பிடும் 1,000 பேரில் வாழ்நாளில் சுமார் 56 பேருக்கு அந்த நோய் வரும். மிக அதிகமாகச் சாப்பிடும் 1,000 பேரில் 66 பேருக்கு. ஆயிரத்துக்குப் பத்துப் பேர் கூடுதல். சின்ன விஷயம் என்று சொல்ல வரவில்லை, சொல்ல வேண்டிய அளவு அதுதான். இதையும் அப்படியே நம்மூருக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. இந்தியாவில் இந்தப் புற்றுநோய் பிரிட்டனைவிட மிகக் குறைவு, ஆகவே கூடுதலாகும் எண்ணிக்கையும் குறையும்.

மருந்தை விற்பவர்களுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பிரவாஸ்டாட்டின் மருந்தை வைத்து ஸ்காட்லாந்தில் நடந்த சோதனையின் முடிவும் அதே 1995இல்தான் வந்தது. ‘மரணங்கள் 22 சதவீதம் குறைந்தன’ என்றால் உடனே வாங்கத் தோன்றுகிறது. ‘ஐந்தாண்டில் ஆயிரத்துக்கு 41 பேர் இறந்த இடத்தில் 32 பேர் இறந்தார்கள்’ என்றால் கொஞ்சம் யோசிக்கத் தோன்றுகிறது. இரண்டும் ஒரே முடிவுதான்.

‘குரூப் 1’ என்பதை அபாயத் தரவரிசையாகப் படிப்பது

சிகரெட்டும் சாசேஜும் ஒரே குரூப், ஆகவே இரண்டும் ஒன்று என்று எழுதி வருவார்கள். குரூப் 1 என்பது மேலே சொன்ன அதே புற்றுநோய் ஆய்வு அமைப்பு போடும் பட்டியலின் முதல் பிரிவு. அந்தப் பட்டியல், ஒரு பொருள் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குச் சான்று எவ்வளவு உறுதி என்று மட்டுமே சொல்கிறது. எவ்வளவு ஆபத்து என்று சொல்வதில்லை. வெயிலும் குரூப் 1தான். உலகம் முழுக்கப் புகையிலையால் வரும் புற்றுநோய்க்கு ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேர் பலியாகிறார்கள். பதப்படுத்திய இறைச்சியின் கணக்கில் வருவது சுமார் 34,000.

இதே பட்டியலில் ‘சீன முறையில் உப்பிட்ட மீன்’ குரூப் 1இல் இருக்கிறது. பார்த்ததும் ‘கருவாடு சாப்பிட்டால் புற்றுநோய்’ என்று தலைப்புப் போட்டுக் கொண்டு வந்து வைத்தார் ஒரு தம்பி. அந்த ஆய்வுகள் தென்சீனத்தில், பால் மறக்கும் வயதிலிருந்தே அந்த மீனை ஊட்டி வளர்க்கப்பட்டவர்களுக்கு மூக்கின் பின்புறத் தொண்டையில் வரும் புற்றுநோயைப் பற்றியவை. நம் நெத்திலிக் கருவாட்டை அங்கே யாரும் ஆராயவில்லை. ‘ஆசிய முறை ஊறுகாய்’ 2பி பிரிவில் (புற்றுநோயை உண்டாக்கக்கூடும், ஆனால் சான்று போதாது என்ற பிரிவு) இருப்பதைப் பார்த்து நம் மாங்காய் ஊறுகாயை மிரட்டியவரும் உண்டு. அதற்கான சான்றுகள் கிழக்காசியக் காய்கறி ஊறுகாய்களிலிருந்து வந்தவை. பொருளின் பெயரைப் பார்த்தால் போதாது, யார், எதை, எப்படிச் சாப்பிட்டார்கள் என்று பார்க்க வேண்டும்.

2016இல் ‘சூடான பானம்’ செய்தியும் இப்படித்தான் ‘காபி குடித்தால் ஆபத்து’ ஆனது. அந்த அமைப்பு சொன்னது எந்தப் பானத்தையும் 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக் குடிப்பது பற்றி. காபியைப் பொறுத்தவரை, அதே கூட்டத்தில்தான் அதைப் பழைய சந்தேகப் பட்டியலிலிருந்து இறக்கினார்கள். டபராவில் ஆற்றிக் குடிப்பவரைப் பிடித்து மிரட்ட இதில் ஒன்றுமே இல்லை.

அளவைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொல்வது

2023 ஜூலையில், டயட் குளிர்பானங்களில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் அஸ்பார்டேம் 2பி ஆனது. அதே நாளில் வந்த இன்னொரு அறிக்கை, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய தினசரி வரம்பில் மாற்றமில்லை என்றது. 70 கிலோ எடையுள்ளவர் அதைத் தாண்ட, தினமும் 9 முதல் 14 கேன் டயட் குளிர்பானம் குடிக்க வேண்டும். இரண்டாவது அறிக்கையைப் பாதிப் பேர் திறக்கவே இல்லை.

எலியை மனிதனாக்குவது

செயற்கை இனிப்பான சாக்கரினின் கதையைப் படியுங்கள், போதும்: எலிகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்தது, அது மனிதர்களுக்குப் பொருந்தாது என்று பின்னால் தெரிந்தது.

யாரோடு ஒப்பிட்டார்கள் என்று பார்க்காமல் விடுவது

1981இல் ஹார்வர்டு ஆய்வு ஒன்று, காபி குடிப்பவர்களுக்குக் கணையப் புற்றுநோய் அதிகம் என்றது. ஒப்பிடுவதற்காக எடுத்தவர்களில் பலர் வயிற்றுக் கோளாறுக்காக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். வயிறு சரியில்லை என்று காபியை ஏற்கனவே குறைத்திருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் நிறுத்தினால் யார்தான் காபிப் பிரியராகத் தெரியமாட்டார்? பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு நிற்கவில்லை.

புதிதாக இருப்பதையே எழுதிக்கொண்டிருப்பது

செல்போன் கதிர்வீச்சு பற்றி வருடத்துக்குப் பத்துக் கட்டுரை வரும். பாக்கைப் பற்றி ஒன்று வருவது அபூர்வம். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கே வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும் என்று அதே புற்றுநோய் ஆய்வு அமைப்பு முடிவுக்கு வந்து இருபது ஆண்டுக்கு மேலாகிறது. ‘வெத்தலை பாக்குதானே, புகையிலை போடறதில்லை’ என்று இன்றும் நம்பும் வீடுகள் எத்தனை!

அப்புறம் சாலை. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 50,000 பேருக்கு மேல் ஹெல்மெட் போடாமல் பைக்கில் போனவர்கள். இதையும் நான் அப்படியே விடமாட்டேன். எத்தனை பேர் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள் என்று தெரியாமல், இந்த எண்ணை வைத்து ஹெல்மெட் எவ்வளவு காப்பாற்றுகிறது என்று சொல்ல முடியாது. அதற்கு, போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் வேண்டும். அவற்றைத் தொகுத்துப் பார்த்த மதிப்பாய்வு ஒன்று, விபத்தில் சிக்கும்போது ஹெல்மெட் தலைக்காயத்தை 69 சதவீதமும் இறப்பை 42 சதவீதமும் குறைக்கிறது என்கிறது. இதுவும் சதவீதம்தானே என்று கேட்டால், ஆமாம். ஆனால் இது எதில் 42 சதவீதம் என்று மேலே எழுதியாயிற்று: ஏற்கனவே விபத்தில் சிக்கியவர்களில். பின்சீட்டில் உட்காருபவருக்கும் இந்தக் கணக்குதான். 2022இல் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்களில் 14,000 பேருக்கு மேல் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.