இடுப்பு வலிக்கு எப்போது டாக்டரிடம் போவது, போனால் என்ன சொல்வது

இடுப்பு பிடித்துக்கொண்டவர் கிளினிக்குக்குப் போவது வலிக்காக மட்டும் இல்லை. பாத்திரம் கழுவ நிற்க முடியவில்லை, இங்கே தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வர்த்திலிருந்து டர்பன் டவுன் போய்ச் சேர்வதற்குள் டாக்ஸியில் கால் குடைகிறது, ராத்திரி புரள முடியவில்லை, உள்ளே ஏதும் பெரிதாக இருக்குமோ என்று பயம். எல்லாமே போவதற்கு நியாயமான காரணங்கள்தான்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. மலம் கழித்துக் கழுவும்போது கை படுவது தெரியாமல் மர்ம உறுப்பும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் மரத்துப்போவது. மூத்திரம் முட்டியும் வராமல் இருப்பது, அல்லது தெரியாமல் போய்விடுவது. இரண்டு காலும் சேர்ந்து தளர்வது. முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்கினால் இப்படி ஆகும். தாமதித்தால் மூத்திரக் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். ஆம்புலன்ஸுக்கு 10177க்கு அழையுங்கள்; செல்போனில் 112.

குதிகாலால் நாலு அடி நடந்து பாருங்கள். முன்பாதம் தூக்க வராவிட்டால், செருப்பு காலிலிருந்து தானாக நழுவினால், அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். வலியோடு காய்ச்சல் இருந்தாலும், விழுந்து அடிபட்டிருந்தாலும், முன்பு புற்றுநோய் வந்திருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் காசநோய் அதிகம். இருமலே இல்லாமல் முதுகெலும்பிலும் அது வரும். படுத்தாலும் குறையாத வலி வாரக்கணக்கில் ஏறிக்கொண்டே போய், உடம்பு மெலிந்து, ராத்திரி வியர்த்துக் கொட்டினால் நர்ஸிடம் இதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இவை எதுவும் இல்லாத வலி பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்தில் தணியும். ஓரிரண்டு நாளுக்கு மேல் படுத்தே கிடந்தால் இடுப்பு இன்னும் இறுகும். வீட்டுக்குள்ளாவது நடக்க வேண்டும். பாராசிட்டமாலுக்கு மட்டும் இந்த வலி பெரிதாகக் கேட்காது. ஐபுபுரோஃபெனுக்குக் கேட்கும்; ஆனால் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவரும், சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ உள்ளவரும் டாக்டரைக் கேட்காமல் அதை வாங்கி விழுங்கக் கூடாது.

6 வாரத்தில் குறையாவிட்டாலும், அதற்கு முன்பே வேலையோ தூக்கமோ கெட்டாலும் போங்கள். 'ரொம்ப வலிக்குது' என்றால் நர்ஸால் அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. '10 நிமிஷம்தான் நிற்க முடியுது, இருமினால் வலது கெண்டைக்கால் வரைக்கும் இழுக்குது' என்றால் நரம்பு சம்பந்தப்பட்டிருக்கிறதா என்று உடனே சோதிப்பார். சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை என்று மனம் சோர வேண்டாம். 50 வயதில், வலியே இல்லாதவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஸ்கேனில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை போன்ற வட்டு) பிதுங்கித் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து நடமாட்டத்தைக் குறைத்தவர்கள்தான் கஷ்டப்படுகிறார்கள். பிசியோதெரபிக்கு அனுப்ப முடியுமா என்று கேட்பது ஸ்கேனைவிடப் பயன்.

தொடர்ந்து 2 நாளுக்கு மேல் லீவு போட்டால் முதலாளி மருத்துவச் சான்று கேட்கலாம். இல்லாவிட்டால் அந்த நாட்களின் சம்பளத்தை நிறுத்தலாம். சான்று எழுதும்போதே உங்கள் வேலை என்ன, எத்தனை கிலோ தூக்குகிறீர்கள், எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அப்போதுதான் சில வாரத்துக்கு லேசான வேலை தரும்படி அதிலேயே எழுதித் தருவார்கள்.