வேரில்தானே ஊற்றினேன்!

தேனீக்களையும் வண்டுகளையும் வீட்டுத் தோட்டத்துக்கு வரவழைக்க ஆசைப்படும் புதியவர்களின் செடிகளைப் பார்க்கும்போது, என் பழைய தோட்டத்தையே மறுபடி பார்ப்பதுபோல் இருக்கிறது. நீர் ஊற்ற மறப்பது, பூச்செடியை நிழலில் வைப்பது போன்ற தவறுகளைச் செடியே வாடிக் காட்டிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, எளிதில் புலப்படாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஊடுருவிப் பாயும் மருந்து

செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைக் கண்டதும் மருந்து வாங்கி வந்து, "பூவில் தெளிக்கவில்லை, வேரில்தானே ஊற்றினேன்" என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அதில் பாதி என்மீதே வரும் எரிச்சல்.

என் பூசணிக் கொடியின் இலையடியில் அசுவினி அப்பிக் கிடந்தபோது, இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து கலந்த நீரைத் தூரில் ஊற்றினேன். சில நாட்களில் அசுவினி மறைந்தது. கெட்டிக்காரத்தனமாக முடித்துவிட்டதாக மகிழ்ந்தேன். பிறகு ஒரு காலையில், விரிந்திருந்த ஆண்பூ ஒன்றின் அடியில் ஒரு தேனீ கிடந்தது. கால்களில் மஞ்சள் மகரந்தம் அப்பியிருக்க, எழ முயன்று பக்கவாட்டில் சரிவதும், மல்லாந்தபடி கால்களை உதறுவதுமாக இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் பூக்களைத் தேடி வந்தவை குறைந்துகொண்டே போயின. ஆண்பூவின் மகரந்தத்தைக் கொண்டுவர ஆளில்லாமல், பெண்பூக்களுக்கு அடியிலிருந்த பிஞ்சுகள் மஞ்சளித்து, வெம்பி, ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அந்தப் பருவத்தில் ஒரு காய்கூடத் தேறவில்லை.

இவ்வகை மருந்தை வேர் உறிஞ்சிக்கொள்ள, அது சாற்றோடு ஏறித் தண்டு, இலை என்று பரவி, மகரந்தத்திலும் பூந்தேனிலும் போய்ச் சேர்கிறது. பூச்சியின் நரம்புகளைத் தாக்கும் இந்த நஞ்சு, கொல்லாத அளவில் உள்ளே போனாலும் தேனீயைக் கூட்டுக்குத் திரும்ப வழி தெரியாமல் தடுமாற வைக்கும். மண்ணிலும் மாதக்கணக்கில் தங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2018 இல் இமிடாகுளோபிரிட், குளோதியானிடின், தயாமீத்தாக்சம் ஆகிய மூன்றையும் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது, தேனீக்களுக்கு இவை விளைவிக்கும் கேட்டைக் கருதித்தான். வாங்கும் நாற்றுக்கே இம்மருந்து கொடுக்கப்பட்டிருக்கலாம் என்பதால், அதைக் கேட்டறிந்து வாங்குங்கள்.

அசுவினிக்கு நீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பகுதி விழுந்துவிடும்; மிச்சத்தைப் பொறிவண்டுகள் தேடி வந்து தின்னும்வரை பொறுத்திருக்க வேண்டும். வேப்பெண்ணெய்க் கரைசலையும், இயற்கையானதுதானே என்று காலையில் விரிந்த பூக்களின்மேல் அடிக்காமல், தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு மாலையில் இலைக்கு மட்டும் தெளியுங்கள்.

தேனீப் பெட்டி வைத்தால் எல்லாம் காய்க்கும் என்ற எண்ணம்

உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உள்ளன. அவற்றுள் பெட்டியில் வளர்ப்பவை மிகச் சில. தக்காளி, கத்தரிப் பூக்களின் மகரந்தப் பை நுனியில் சிறு துளைதான் உண்டு. உருண்டு திரண்ட பம்பிள் தேனீயும், கருவண்டு என்று பலர் அழைக்கும் தச்சுத் தேனீயும் அந்தப் பூவைக் கவ்விப் பிடித்து, பறப்பதற்கான தசைகளை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கின்றன. பூவிலிருந்து எழும் அந்த ரீங்காரத்தைச் சற்றுத் தள்ளி நின்றே கேட்கலாம். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை வராது.

மண்ணை ஓர் அங்குலம் விடாமல் மூடுவது

காய்ந்த இலை, வைக்கோல் போன்றவற்றால் மண்ணை மூடும் மூடாக்கு செடிக்கு நல்லது. ஆனால் தேனீ இனங்களில் பெரும்பாலானவை மண்ணில் வளை தோண்டியே முட்டையிடுகின்றன. எலி கைவிட்ட வளையில் குடியேறும் பம்பிள் தேனீக்களும் உண்டு. எனவே வெயில் படும் ஓர் ஓரத்தைக் கிளறாமல், மூடாமல் விட்டுவையுங்கள். பட்டுப்போன மரக்கட்டை கிடந்தால் அதையும் அப்புறப்படுத்த வேண்டாம். தச்சுத் தேனீ அதைத்தான் குடைந்து குடியிருக்கும்.

அடுக்குப் பூக்களை மட்டும் நடுவது

இதழ் மிகுந்தால் மகரந்தம் குறையும்.

வட்டமாக வெட்டுப்பட்ட ரோஜா இலை

நோயல்ல. இலைவெட்டித் தேனீ தன் கூட்டுக்குச் சுவர் வைக்க எடுத்துப் போயிருக்கிறது.