உள்ளூர்க் கொடையைத் திரட்டும் அமைப்புகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் கொடுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. வெசாக் காலத்தில் இலவசமாக உணவு வழங்கும் தன்சல், கோயில் அன்னதானம், நோன்பு மாதத்து ஸகாத், பழைய மாணவர் சங்கங்களின் புலமைப்பரிசில் என்று ஆண்டு முழுவதும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கிறது. ஆயினும், பல அரச சார்பற்ற நிறுவனங்கள் வெளிநாட்டு மானியம் நின்றதும் தடுமாறிவிடுகின்றன. மக்களிடம் இரக்கம் குறைந்துவிட்டது என்று அவை சொல்லும் காரணம் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

பெரிய தவறு கணக்கில் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடையாளருக்குக் கணக்காய்வு செய்யப்பட்ட அறிக்கையை ஆங்கிலத்தில் உரிய நாளில் அனுப்பும் அதே அமைப்பு, வெள்ளவத்தைக் கடைக்காரர் கொடுத்த ஐயாயிரம் ரூபாய்க்குப் பற்றுச்சீட்டோடு கடமை முடிந்ததாகக் கருதுகிறது. சேர்ந்த தொகை, அப்பியாசக் கொப்பிகளுக்குச் சென்றது, அவற்றை ஏற்றிச் சென்ற முச்சக்கரவண்டிக் கூலி, கையிலுள்ள மீதி ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பக்கத்தில் அச்சிட்டுக் கொடுத்தால், அவர் அதைக் கல்லாப்பெட்டிக்கு அருகே வைத்து வாசிப்பார். கூலி ஏன் இவ்வளவு என்று கேட்கவும் செய்வார். அந்தக் கேள்வியை இடைஞ்சலாக நினைப்பவர்கள் உள்ளூர்ப் பணத்தைத் தேடாமல் இருப்பதே நல்லது.

இந்தக் கேள்விக்கு அஞ்சித்தான் 'ஒரு சதமும் நிர்வாகச் செலவுக்குப் போகாது' என்று சிலர் வாக்களிக்கிறார்கள். கணக்காளருக்கும் அலுவலக வாடகைக்கும் பணம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும் என்பதால், அந்த வாக்கு விரைவில் பொய்யாகிவிடும்.

2004ஆம் ஆண்டுச் சுனாமியின்போதும் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போதும் முன்பின் தெரியாதவர்கள்கூட அள்ளிக் கொடுத்தார்கள். அவர்களுடைய பெயர்களைப் பதிந்து வைக்காமலும், அடுத்த அனர்த்தம் வரும்வரை ஒரு கடிதமேனும் எழுதாமலும் விடுவது பெரும் இழப்பாகும். உலர் உணவுப் பொதியைப் பெறும் தாயைப் பதாகைக்கு முன் நிறுத்திப் படம் எடுப்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. அதை விட்டுவிட வேண்டும்.

பதிவு குறித்தும் குழப்பம் உண்டு. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தன்னார்வ சமூக சேவை அமைப்பாகப் பதிவு பெற்றுவிட்டதாலேயே, கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைத்துவிடாது. வரி தொடர்பான அங்கீகாரம் வேறானது என்பதால், உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் உறுதிப்படுத்தாமல் வரிச்சலுகை உண்டென்று துண்டுப்பிரசுரத்தில் அச்சிடக் கூடாது.

இறுதியாக, ஒரே புரவலரை நம்பியிருக்கும் பழக்கம். அவர் தலைவராகி, பின்னர் தேர்தலிலும் நின்றுவிட்டால், அமைப்பு எவருடையது என்ற பேச்சு ஊரில் எழுந்துவிடும். மாதம் ஆயிரம் ரூபாய் தரும் ஐந்நூறு பேரைச் சேர்ப்பது மெதுவான வேலைதான். ஆனால், வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் தானாகக் கழியும் ஏற்பாட்டைச் செய்துவிட்டால், அவர்களில் பத்துப் பேர் விலகினாலும் பிள்ளைகளின் புலமைப்பரிசில் அந்த மாதமே நின்றுவிடாது.