காருக்குள் பெற்றோல் மணக்கிறதா? எங்கிருந்து வருகிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்

காருக்குள் பெற்றோல் மணம் வந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டு, வாசனைப் போத்தல் ஒன்றையும் தொங்கவிட்டு ஓடுகிற ஆட்கள் எங்கள் யாழ்ப்பாணத்தில் நிறையப் பேர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, மேலே போகாது, சீற்றடியிலும் கால் வைக்கிற இடத்திலும் தங்கி நிற்கும், காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சேர்ந்தாலே ஒரு சின்னப் பொறிக்குப் பற்றிவிடும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிப் போகிற கார் என்றால் இன்றைக்கே பாருங்கள்.

காரைத் திறந்த முற்றத்தில் விடுங்கள், கொட்டிலுக்குள் வேண்டாம். கதவு நான்கும் திறந்திருக்கட்டும். பக்கத்தில் சிகரெட், அடுப்பு, விளக்கு எதுவும் கூடாது. வெளிச்சத்துக்கு ரோச் லைற், பக்கத்தில் ஒரு வாளி மணல் அல்லது பவுடர் தீயணைப்பான். பெற்றோல் நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது.

படி 1: எப்போது மணக்கிறது?

பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். பெற்றோல் அடித்த கையோடு மணந்தால் மூடி, அல்லது மூடியிலிருந்து ராங்குக்குப் போகிற குழாய். இரவு முழுக்க நின்ற காரைக் காலையில் திறக்கும்போது மணந்தால் ராங்கின் மேற்பக்கம். எஞ்சின் ஓடும்போது ஏசி வழியாக வந்தால் பொனற்றுக்குள்தான் கசிவு, ஏனென்றால் உள்ளே வருகிற காற்று முன் கண்ணாடியின் அடியில் இருந்துதான் எடுக்கப்படுகிறது. ராங்க் நிறைய இருக்கும்போது, அதுவும் வளைவில் திரும்பும்போது மட்டும் வந்தால் பின்சீற்றடியில் இருக்கிற பம்பின் ரப்பர் வளையத்தைச் சந்தேகப்படுங்கள்.

படி 2: டிக்கி

2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக்குப் பிறகு டிக்கியில் ஒரு பெற்றோல் கலன் வைத்திருக்கிற பழக்கம் பலருக்கு விடவில்லை. முதலில் அதை எடுங்கள். கார்ப்பெற்றில் கொஞ்சம் சிந்தியிருந்தாலே நாட்கணக்கில் மணக்கும். கழற்றி வெளியே காயவிடுங்கள், வக்யூம் கிளீனர் பிடிக்காதீர்கள், அதன் மோட்டாரில் பொறி வரும்.

படி 3: மூடி

மூடியின் உள்ளே இருக்கிற ரப்பர் வொசரை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்போ, தட்டையாக அழுந்திய அடையாளமோ இருந்தால் அதே மொடலுக்கு உரிய புது மூடி வாங்குங்கள், மலிவான வேலைதான். இன்னொன்று, பெற்றோல் செட்டில் பம்ப் தானாக நின்ற பிறகு "காசை ரவுண்ட் பண்ணிவிடு தம்பி" என்று இன்னும் ஊற்ற வைப்பது. அந்த மேலதிகப் பெற்றோல் ஆவியைப் பிடிக்கிற கரிப் பெட்டிக்குள் போய்விடும். பெட்டி நனைந்து ஊறிவிட்டால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும்.

படி 4: பொனற்றுக்குள்

எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்ராட் பண்ணி உடனே பாருங்கள். சூடேறிய பிறகு கசிவது அங்கேயே ஆவியாகிவிடும், ஈரம் தெரியாது. இன்ஜெக்ரர்கள் இருக்கிற இடமும் ஹோஸ் மாட்டுகிற முனைகளும் முக்கியம். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு ஹோஸை மெல்ல வளைத்துப் பாருங்கள், மேலே நரம்பு நரம்பாக வெடித்திருந்தால் மாற்றுகிற காலம் வந்துவிட்டது. இன்ஜெக்ரர் காரில் பெற்றோல் ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் ஓடுகிறது. காபரேற்றர் காரில் அரை பார்கூட வராது. அதனால் கடையில் "இன்ஜெக்‌ஷன் ஹோஸ்" என்று சொல்லியே கேளுங்கள். தண்ணீர் ஹோஸை வெட்டிப் போட்டால் உள்ளே ஊறிப் பிய்ந்துபோகும்.

ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் மாதிரிப் பழைய கார்கள் இன்னும் ஓடுகிற வீடுகள் இங்கே இருக்கின்றன. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியே எங்களைக் காப்பாற்றிய கார்கள். அவற்றில் எஞ்சினோடு பூட்டிய மெக்கானிக்கல் பம்ப் உள்ள கார் என்றால் எஞ்சின் ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்து மணந்து பாருங்கள். ஒயில் பெற்றோலாக மணந்தால் பம்பின் டயபிரம், அதாவது உள்ளே இருக்கிற மெல்லிய சவ்வு, கிழிந்திருக்கலாம். சரிபார்க்கும்வரை எஞ்சினை இயக்காதீர்கள்.

படி 5: பின்சீற்றடி

டொயோட்டா அக்வா மாதிரி ஹைபிரிட் கார் என்றால் இந்தப் படியை விட்டுவிடுங்கள். அங்கே உயர்அழுத்தப் பற்றரி இருக்கிறது, செம்மஞ்சள் வயரைத் தொடக்கூடாது. மற்றக் கார்களில் ராங்க் பாதிக்குக் கீழே இருக்கும்போது செய்யுங்கள். முதலில் பம்பின் பியூஸைக் கழற்றிவிட்டு எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள், குழாயில் உள்ள அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள்.

சீற்றின் முன்விளிம்பைத் தூக்கினால் பல கார்களில் கையோடு வந்துவிடும். கீழே ஒரு தகட்டு மூடி, அதன் கீழே பம்பின் தலை. அதைச் சுற்றிப் புழுதி ஈரமாகக் கறுத்து வளையம் போல ஒட்டியிருந்தால் கசிவு அங்கேதான். திறக்க முதல் அந்தப் புழுதியைப் பிரஷ்ஷால் நன்றாகத் துடையுங்கள், எங்கள் செம்மண் ராங்குக்குள் விழுந்தால் பம்ப் போய்விடும். பூட்டு வளையத்தைத் தட்ட வேண்டி வந்தால் மரக்கட்டையால் தட்டுங்கள், இரும்பால் வேண்டாம். பழைய ரப்பர் வளையத்தைத் திரும்பப் போடாதீர்கள், சாதாரண சிலிக்கோன் பூசியும் சமாளிக்காதீர்கள், பெற்றோலில் அது கழன்றுவிடும். ஆணிகள் உள்ள வகை என்றால் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

படி 6: காருக்கு அடியில்

பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் தினமும் போய்வருகிற கார்களில் உப்புக்காற்று இரும்புக் குழாயைத் தின்றிருக்கும். துருவோடு ஈரம் தெரிந்தால் பசை ஒட்டி ஓடாதீர்கள், அது கராஜ் வேலை. சொட்டுச் சொட்டாக விழுந்தால் ஸ்ராட் பண்ணவே வேண்டாம், தள்ளி வெளியே விட்டுவிட்டு மெக்கானிக் அண்ணையை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு கண்ணாடிகளை ஏற்றி ஒரு இரவு விடுங்கள். காலையில் அந்தக் காரில் ஏறாத ஒருவரைக் கூப்பிட்டுக் கதவைத் திறந்து மணக்கச் சொல்லுங்கள், உங்கள் மூக்கு இதற்குள் பழகியிருக்கும். அவருக்கும் மணக்கவில்லை என்றால் ராங்கை நிரப்பி, வளைவுகள் உள்ள ஒரு வீதியில் ஓடிப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் சரி, பிள்ளைகளை ஏற்றலாம்.