ஏரி என்ற சொல்லை நம்பிப் போகாதீர்கள்: இண்டியானா டூன்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அப்பா மதுராந்தகம் பக்கத்துக்காரர். முதன்முறை மிச்சிகன் ஏரிக்கரையில் நின்றபோது எதிர்க்கரை எங்கே என்று தேடினார். குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துவிட்டு, "உப்பே இல்லையேப்பா" என்றார். நமக்கு ஏரி என்றால் கரை போட்டு, மதகு வைத்து, மழைநீரைத் தேக்கிய இடம். சிகாகோ பக்கத்திலிருந்து கோடையில், அந்த ஏரிக்கரையில் மணற்குன்றுகள் நிறைந்த இண்டியானா டூன்ஸ் மாநிலப் பூங்காவுக்குக் கிளம்பும் நம்மவர்கள் பலரும் அந்த நினைப்போடுதான் போகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

இந்த ஏரியின் நீளம் ஏறக்குறைய 494 கிலோமீட்டர், அகலம் 190. மிக ஆழமான இடம் 281 மீட்டர். பூங்கா இருப்பது இதன் தென்கோடியில். வடக்கிலிருந்து காற்று அடித்தால் அந்த நீளம் முழுக்க அலையை வளர்த்துக்கொண்டு வந்து இந்தக் கரையில்தான் மோதும். கடலில் ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். இங்கே நான்கைந்து நொடியில் அடுத்தது வந்து முகத்தில் அறையும். உப்பில்லாத நீர் என்பதால் உடல் கடலில் மிதக்கிற அளவுக்கு மிதக்காது. கரையேறிய தண்ணீர் குறுகலான ஒரு வழியாக வேகமாக உள்ளே திரும்பும். அதில் மாட்டியவர்கள் கரையை நோக்கி நேராக நீந்தித்தான் களைத்துப் போகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். மல்லாந்து மிதந்து மூச்சை நிதானமாக்குங்கள். ஓட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்காக நீந்தி வெளியே வாருங்கள். முடியாவிட்டால் மிதந்தபடியே கைகாட்டிக் கூப்பிடுங்கள். கரையில் நிற்பவர் பதறிக் குதிக்கக் கூடாது. பந்தோ, ஐஸ்பெட்டியோ, மிதக்கிற எதையாவது எறிந்துவிட்டு அவசர உதவி எண் 911-ஐ அழைக்க வேண்டும்.

தெற்குக் காற்று நாளில் வேறு ஆபத்து. கரையோரம் தண்ணீர் தாம்பாளம் போல் அமைதியாக இருக்கும். காற்றடைத்த மிதவையில் குழந்தையை உட்காரவைத்துவிட்டு நாம் கைப்பேசியைப் பார்த்து நிமிர்வதற்குள் காற்று அதை உள்ளே தள்ளிக்கொண்டு போயிருக்கும். உயிர்காப்பாளர் இருக்கும் நேரத்தில், அவர்கள் பார்வையில் உள்ள இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

சரி, தண்ணீரைவிட்டு மணலுக்கு வருவோம். பூங்காவின் உயரமான குன்று மவுண்ட் டாம், ஏரி மட்டத்திலிருந்து 192 அடி. ஹோல்டன், ஜாக்சன் என்று இன்னும் இரண்டு. மூன்றையும் ஏறும் பாதை ஒன்றரை மைல்தான், ஆனால் ஏற்றம் மொத்தம் 552 அடி. மணலில் இரண்டடி வைத்தால் ஓரடி வழுக்கும், அதனால் தண்ணீர் பாட்டிலை வண்டியிலேயே விட்டுவிட்டு ஏறாதீர்கள். அதைவிடப் பெரிய தவறு, இறங்கும்போது பாதையை விட்டுவிட்டுச் சரிவில் சறுக்கி ஓடுவது. அந்தச் சரிவைப் பிடித்து வைத்திருப்பது மாரம் புல். நம் கடற்கரையில் ராவணன் மீசை செய்கிற வேலையை இங்கே இது செய்கிறது. மணல் மூட மூட மேலே முளைத்து வரும். மிதித்தால் மட்டும் தாங்காது. புல் போன இடத்தைக் காற்று தோண்டத் தொடங்கி, நாளடைவில் குன்றின் நடுவே பெரும் பள்ளமே விழும். வெறும் மணலில் முதலில் புல், அப்புறம் பைன், கடைசியில் கருப்பு ஓக் மரக் காடு என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தாவரங்கள் குடியேறும் வரிசையைத் தாவரவியலாளர் ஹென்றி கௌல்ஸ் இந்தக் குன்றுகளில்தான் படித்து 1899-இல் எழுதினார். கரையிலிருந்து உள்ளே அரை மணி நேரம் நடந்தால் அந்த வரிசையை நாமே பார்த்துவிடலாம்.

குன்று நகரும் என்பதை மறப்பதும் ஆபத்துதான். பக்கத்துத் தேசியப் பூங்காவில் உள்ள மவுண்ட் பால்டியில் 2013 ஜூலையில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் மணலுக்குள் போய்விட்டான். பல ஆண்டுகளுக்கு முன் குன்று விழுங்கிய மரம் உள்ளேயே மக்கி, குழாய் போல் பொந்து விட்டிருந்தது. ஏறக்குறைய 11 அடி ஆழத்திலிருந்து, மூன்று மணி நேரத்துக்கு மேல் கழித்து, உயிரோடு எடுத்தார்கள். "இங்கே ஏறாதே" என்ற பலகைகள் இருப்பது காரணத்தோடுதான்.

காற்று படாத ஓரங்களில் குனிந்து பாருங்கள். மணலில் புனல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள் தெரியும். ஆமாம், ஊரில் திண்ணையோர மண்ணில் ஊதி ஊதிப் பிடித்தோமே, அந்தக் குழியானையேதான். ஒரு எறும்பு விளிம்பில் கால் வைத்தது, மணல் சரிந்தது, அடியிலிருந்து தூசி மாதிரி மணல் எகிறியது. என் மகள் பத்து நிமிடம் அசையவில்லை. கரையோர மணலில் பாதத்தைத் தேய்த்து நடந்தால் கீச்சென்று சத்தமும் வரும்.

காட்டுப் பாதையில் மூன்று மூன்று இலையாக நிற்கும் பாய்சன் ஐவியைத் தொடாதீர்கள், தோல் அரித்துக் கொப்புளிக்கும். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மான் உண்ணி லைம் நோயைப் பரப்பும். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, குழந்தைகளின் காதோரம், தலைமுடி எல்லாம் பாருங்கள்.

தேசியப் பூங்காவின் ஆண்டுச் சீட்டு மாநிலப் பூங்கா வாசலில் செல்லாது. கோடைச் சனி ஞாயிறுகளில் வண்டி நிறுத்துமிடம் நிரம்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். என்னைக் கேட்டால் மே மாத நடுவில் விடிகாலை போகச் சொல்வேன். வடக்கே போகிற சிறு பறவைகள் ஏரியைக் கடக்கத் தயங்கி மரங்களில் நிறைந்திருக்கும்.

குளிர்காலத்தில் போனால் கரையை ஒட்டி வெள்ளை மேடுகள் நிற்கும். தரை என்று நினைத்துப் படம் எடுக்க ஏறுகிறார்கள். அது அலை எறிந்த பனிக்கட்டி சேர்ந்து உண்டானது, உள்ளே பொந்துகள், அடியில் உறைநிலைத் தண்ணீர். கால் இறங்கினால் பிடித்து ஏற விளிம்பு கிடைக்காது. மணல் தெரிகிற இடத்திலேயே நின்று படம் எடுங்கள்.