ஒரிஜினல் ஸ்கேல் வீம்பும் இன்னும் சில தவறுகளும்: பெரிய பாட்டுகளை மேடையில் எடுப்பவர்களுக்கு

குடியிருப்பு சங்க ஆண்டு விழா, கோயில் திருவிழா லைட் மியூசிக், கரோக்கி கிளப் என்று எங்கே போனாலும் புதிதாகப் பாட வருபவர்கள் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். வரி மறப்பது, தாளம் விடுவது, ஐஸ் வாட்டர் குடிப்பது எல்லாம் ஊருக்கே தெரிந்த சமாச்சாரம், விட்டுவிடலாம். நன்றாகப் பாடக்கூடியவர்களே செய்கிற தவறுகள் வேறு. டி.எம்.எஸ்., சீர்காழி, ஜானகி, எஸ்.பி.பி. பாடிப் பேர் வாங்கிய பாட்டைத் தொடும்போதுதான் அவை வெளியே வரும்.

ஒரிஜினல் ஸ்கேல் வீம்பு

மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம், இதை மட்டும் முடியாது. "நான் எல்லாப் பாட்டையும் ஒரிஜினல் ஸ்கேலில்தான் (பதிவில் உள்ள அதே சுருதியில்) பாடுவேன்" என்பதை ஒரு தகுதிச் சான்றிதழ் போலச் சொல்லிக்கொள்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள்.

வழக்கமாக நடப்பது இதுதான். 'கர்ண'னில் (1964) சீர்காழி கோவிந்தராஜன் பாடிய 'உள்ளத்தில் நல்ல உள்ளம்' மாதிரி ஒரு பாட்டை எடுக்கிறார்கள். பல்லவிக்குக் கைதட்டல் கிடைக்கும். முதல் சரணத்தின் உச்சியில் முகவாய் மேலே போகும், கழுத்து நரம்பு தெரியும். அடுத்த சரணத்தில் அதே இடம் வரும்போது மைக்கை ரசிகர்கள் பக்கம் நீட்டிவிடுவார்கள். ரசிகர்களும் பாவம், பாடி வைப்பார்கள். ஊரை உற்சாகப்படுத்த நீட்டிய மைக் இல்லை அது என்பது பேண்டில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சுருதி சீர்காழியின் வெண்கலக் குரலுக்காக எடுத்த அளவு. மெல்லிசை மன்னர்கள் அந்தத் தொண்டை எங்கே முழங்கும் என்று தெரிந்து பாட்டை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். நாம் பார்த்துச் செய்ய வேண்டியது அந்த முடிவைத்தான்: நம் குரல் எங்கே முழங்குமோ அங்கே அந்த உச்சி வரி வந்து விழ வேண்டும். அது 2 செமிடோன் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு, கறுப்பையும் சேர்த்து, நடுவில் உள்ள தூரம் 1 செமிடோன்) கீழே இருந்தால் பாட்டு 2 செமிடோன் கீழே போகட்டும். கேட்கிறவர் காதுக்குச் சுருதி இறங்கியது தெரியாது. குரல் கிழிவது தெரியும்.

சங்கீத வகுப்புக்குப் போனவர்கள் இன்னொரு விதமாகத் தவறுகிறார்கள். "என் ஸ்ருதி ஒன்றரைக் கட்டை" (கட்டை என்பது ஆதார சுருதியின் அளவு, ஒன்றரை என்றால் சி ஷார்ப்) என்று எல்லாப் பாட்டையும் அதில் கேட்பார்கள். கச்சேரிக்கு அது சரி. மந்திர பஞ்சமத்திலிருந்து (கீழ் 'ப') தார பஞ்சமம் (மேல் 'ப') வரை எட்டுகிற மாதிரி பார்த்துத்தான் ஒருவருக்குக் கட்டை வைப்பது. சினிமாப் பாட்டுக்கு அந்தக் கணக்கு இல்லை. ஒரு பாட்டு மேல் ஷட்ஜத்தோடு ('ஸ') நின்றுவிடும், இன்னொன்று அதைத் தாண்டி பஞ்சமத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பார்க்க வேண்டியது பாட்டின் 'ஸ' எங்கே இருக்கிறது என்பதை அல்ல, அடிச்சுரமும் உச்சிச்சுரமும் எங்கே விழுகின்றன என்பதை.

அதைக் கண்டுபிடிக்கப் போனில் ஒரு கீபோர்டு ஆப் போதும். முதலில் பாட்டின் ஆகக் கீழான சுரத்தையும் ஆக மேலான சுரத்தையும் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உச்சி வரியை அதன் சொற்களோடு பாடிப் பாருங்கள். 'ஆ' என்று பாடிப் பார்ப்பது ஏமாற்றும். 'ஆ'வில் எட்டுகிற சுரம் 'இ'யிலும் 'உ'விலும் இறுகிக்கொள்ளும், ஏனென்றால் அந்த உயிரெழுத்துகளுக்கு வாய் குறுகும். முழுப் பாட்டையும் பாடி முடித்த கையோடு அந்த வரியை மறுபடி நான்கு தடவை பாடுங்கள். நான்காவது தடவையும் முகவாய் நிமிராமல் வந்தால் அதுதான் உங்கள் எல்லை. மேடைக்கு அதிலிருந்தும் 1 செமிடோன் கழியுங்கள். பதற்றம், பயணம், ராத்திரிப் பனி எல்லாம் அந்த 1 செமிடோனைத்தான் முதலில் தின்னும்.

கீழ்ப்பக்கத்தையும் சோதிக்காமல் இறக்கிவிடக் கூடாது. தாராளமாக 4 செமிடோன் இறக்கினால் உச்சி சுகமாக இருக்கும், பல்லவியின் கீழ்ச்சுரங்கள் தபலாவுக்கும் பேஸுக்கும் அடியில் காணாமல் போகும். மேலேயும் கீழேயும் ஒரே ஸ்கேலில் அடங்கவில்லையா, அது உங்கள் பாட்டு இல்லை.

ஸ்கேலைச் சொல்வதிலும் குழப்பம் இருக்கிறது. "ஒரு கட்டை இறக்குங்க" என்பார்கள். 5 கட்டை ஜி, 4 கட்டை எஃப், அங்கே ஒரு கட்டை என்றால் 2 செமிடோன். 4 கட்டை எஃப், 3 கட்டை ஈ, இங்கே ஒரு கட்டை என்றால் 1 செமிடோன்தான். மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. 3-க்கும் 4-க்கும் நடுவில் கறுப்புக் கட்டையே இல்லை. ஆகவே பேண்டிடம் "டி ஷார்ப்" என்று சுரத்தின் பெயரைச் சொல்லுங்கள். அதையும் முந்தின நாளே சொல்லுங்கள். கீபோர்டுக்காரர் ஸ்கேலை மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிவிடுவார். ஆனால் புல்லாங்குழல்காரர் அந்தக் கட்டைக்கான குழலைக் கொண்டு வர வேண்டும், தபலாக்காரர் அதற்கேற்ற வலந்தலையை (சுருதி சேர்க்கும் வலது கைத் தபலா) எடுத்து வைக்க வேண்டும். மேடையேறி நின்று ஸ்கேல் மாற்றினால் அவர்கள் முகம் போகிற போக்கு நியாயமானதே.

கரோக்கி டிராக்கை மேலேயோ கீழேயோ 2 செமிடோன் நகர்த்தலாம். 3-ஐத் தாண்டினால் தபலா தகர டப்பா ஆகிவிடும், கோரஸ் குரல்கள் அணில் குரலாகவோ பூதக் குரலாகவோ மாறும். ஆண் பாடிய தனிப்பாட்டை எடுக்கும் பெண்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. பொதுவாக 4, 5 செமிடோன் ஏற்ற வேண்டியிருக்கும். அந்த ஸ்கேலில் புதிதாக வாசித்த டிராக் வாங்குவதே வழி.

இன்னொன்று: "ஒரிஜினல் ஸ்கேல்" என்று நீங்கள் நம்புவதே ஒரிஜினலாக இல்லாமல் இருக்கலாம். பழைய பதிவுகளில் டேப்பின் வேகத்தால் பாட்டு ஒன்றரைக் கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் நடுவில் நிற்கும். இணையத்தில் கிடைக்கும் பிரதிகள் சிலவற்றை யாரோ வேகம் கூட்டி ஏற்றியிருப்பார்கள். அதைக் கேட்டுப் பழகிவிட்டு, இல்லாத ஒரு ஸ்கேலுக்காகத் தொண்டையைக் கிழித்துக்கொள்கிறவர்களை என்னவென்று சொல்வது.

டூயட்டில் ஆணுக்காக இறக்குவதா பெண்ணுக்காக ஏற்றுவதா என்ற சண்டைக்கு நடுநிலைத் தீர்ப்பு கிடையாது. உச்சி வரி யாருக்கு வருகிறதோ அவர் சொல்வதே சட்டம்.

தொகையறாவைக் குத்துமதிப்பாகத் தொடங்குவது

தொகையறா, அதாவது தாளமில்லாமல் குரல் மட்டும் முதலில் வரும் பகுதி, உள்ள பாட்டுகளில் இந்த விபத்து நடக்கும். ஆங்கிலப் பாட்டு பாடுகிறவர்கள் விட்னி ஹூஸ்டன் 1992-இல் பாடிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'வை ஆசையோடு எடுப்பார்கள். தொடக்கத்தில் முக்கால் நிமிடம்போல வாத்தியமே இல்லை. தனக்குச் சுகமான ஏதோ ஒரு சுருதியில் ஆரம்பித்துவிடுவார்கள். பேண்ட் நுழையும்போது இரண்டும் இரண்டு ஊர். அதே பாட்டில் பிற்பாடு ஒரு மௌனம், ஒரு டிரம் அடி, உடனே ஏ மேஜரிலிருந்து பி மேஜருக்குத் தாவல். நம் கணக்கில் 6 கட்டையிலிருந்து 7 கட்டை. முதல் பாதியில் சுகமாக இருக்கிறதே என்று ஸ்கேல் வைத்தவர்கள் அந்த டிரம் அடிக்குப் பிறகு முழிப்பார்கள். ஸ்கேலைத் தாவலுக்குப் பின்னால் வரும் பகுதியை வைத்து முடிவு செய்யுங்கள்.

நம் தொகையறாக்களுக்கும் இதே கதிதான். கீபோர்டில் ஒரு 'ஸ'வும் 'ப'வும் தொடர்ந்து ஒலிக்க வையுங்கள், அது ரசிகர்களுக்குக் கேட்டாலும் பரவாயில்லை.

மூச்சை நகலெடுப்பது

'கேளடி கண்மணி'யில் (1990) எஸ்.பி.பி. பாடிய 'மண்ணில் இந்தக் காதலன்றி'யின் சரணத்தை ஒரே மூச்சில் பாடிக் காட்டுவதைப் பரீட்சையாக வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டுடியோவில் துண்டு துண்டாகப் பாடிப் பதிந்து (பஞ்ச் பண்ணி) இணைக்க வழி உண்டு. சங்கர் மகாதேவனின் 'பிரெத்லெஸ்' (1998) முழுதும் ஒரே மூச்சில் பாடப்பட்டதல்ல என்று அவரே சொல்லியிருக்கிறார். ரசிகருக்கு இடைவெளி தெரியாமல் இருப்பதுதான் வித்தை.

மூச்சு எடுக்கும் இடங்களைத் தாளில் கோடு போட்டுக் குறியுங்கள். மெல்லெழுத்தில் முடியும் சொல்லுக்குப் பின்னால் வாயைப் பாதி திறந்து, கால் மாத்திரைக்குள், சத்தமில்லாமல் எடுக்கலாம். சொல்லின் நடுவில் எடுக்காதீர்கள். கரோக்கித் திரையில் வரி மடங்கும் இடத்தில் மூச்சு விடுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. வரியை மடக்கியவர் இடம் பார்த்து மடக்கினார், பொருள் பார்த்து அல்ல.

சங்கதியை நிழல் போலப் பிடிப்பது

'கர்ணா'வில் (1995) வித்யாசாகர் இசையில் எஸ்.பி.பி.யும் ஜானகியும் பாடிய 'மலரே மௌனமா' தர்பாரி கானடா. அந்த ராகத்தின் உயிர் காந்தாரம் ('க'). அது ஓரிடத்தில் நிற்காது, மெதுவாக அசைந்துகொண்டே இருக்கும். கீபோர்டில் தட்டிக் கற்றவர்கள் அதை ஆணி அடித்த மாதிரி நேராகப் பாடுவார்கள். சுருதி சரியாகவே இருக்கும், ராகம் இருக்காது. வேறு சிலர் அசைவைப் பிடித்துவிடுவார்கள், ஆனால் வேகமாக ஆட்டி நடுக்கமாக்கிவிடுவார்கள்.

பாட்டை முக்கால் வேகத்தில் ஓட விடுங்கள். ஒரு சங்கதிக்குள் (சொல்லை இழைத்துப் பாடும் வேகமான சுர வளைவு) எத்தனை சுரம் என்று எண்ணுங்கள். ஐந்து என்றால் ஐந்தையும் தனித்தனியாக நிறுத்திப் பாடி, பிறகு சேர்த்து, அதன் பின் வேகம் ஏற்றுங்கள். எண்ணிக்கை தெரியாமல் போடுகிற சங்கதி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும். 'கொஞ்சும் சலங்கை'யின் (1962) 'சிங்காரவேலனே தேவா'வில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தோடு ஜானகி சுரம் சுரமாகப் போட்டியிடுவதை இப்படி மட்டுமே கற்க முடியும்.

குரலை வேஷம் கட்டுவது

ஜேசுதாஸ் மாதிரி கனம் வர வேண்டுமென்று தொண்டையை அமுக்கிக்கொண்டு பாடினால் இரண்டாவது பாட்டில் குரல் கட்டும்.

மைக்

1950, 60-களில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் பதிவு செய்தார்கள், குரல் தானாக எழும்ப வேண்டியிருந்தது. பின்னால் வந்த ரகசியக் குரல் பாட்டுகள் மைக்கை உதட்டருகே வைத்துப் பாடியவை. இரண்டையும் ஒரே தூரத்தில் பிடித்துப் பாடினால் ஒன்று காதைக் குத்தும், மற்றது கேட்காது. மேடையில் இருப்பது பெரும்பாலும் டைனமிக் மைக். மென்மையான வரிக்கு 2 அங்குலம், உச்சிக்கு 6 அங்குலம். தலைக் கூண்டைக் கையால் பொத்தாதீர்கள், ஃபீட்பேக் (ஸ்பீக்கர் ஊளை) கிளம்பும்.

மானிட்டரில் (பாடுகிறவர் பக்கம் திரும்பிய ஸ்பீக்கர்) உங்கள் குரல் கேட்கவில்லையென்றால் பாட்டை ஆரம்பிக்காதீர்கள். கேட்காத குரலைக் கத்தித்தான் தேடுவோம், சுருதி அங்கேயே போய்விடும்.

ழகரம்

வராதவர்கள் அது நிறைய வரும் பாட்டை மேடைக்கு எடுக்க வேண்டாம். வீட்டில் பழகுங்கள்.

புளூடூத்தில் பயிற்சி

புளூடூத் ஹெட்போனில் குரல் காதுக்குத் திரும்ப வரப் பெரும்பாலும் 100 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதமாகும். அதில் பழகினால் தாளத்துக்குப் பின்னால் இழுக்கிற பழக்கம் ஒட்டிக்கொள்ளும். வயர் போட்ட ஹெட்போன் வாங்குங்கள்.