யார் சேனல் என்று தெரிந்தால் போதுமா? டிவி செய்தி பார்ப்பதில் நாம் செய்யும் தவறுகள்

தமிழ்நாட்டில் டிவி செய்தி பார்க்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எந்தச் சேனல் யாருடையது என்பதில் ஒளிவுமறைவே கிடையாது. 1993-இல் சன் டிவி, 1999-இல் ஜெயா டிவி, 2007-இல் கலைஞர் டிவி என்று லோகோவைப் பார்த்தாலே அரசியல் புரிந்துவிடும். 2001 ஜூன் 30 அதிகாலை கருணாநிதி கைதானபோது சன் டிவியில் ஓடிய காட்சி ஒன்று, ஜெயா டிவியில் ஓடிய காட்சி வேறு. முன்னதில் ஒரு முதியவரைப் போலீஸ் இழுத்துக்கொண்டு போகிறது. பின்னதைப் பார்த்தால் போலீஸ்தான் பாவம் என்று தோன்றும். கைது என்னவோ ஒன்றுதான்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்ததால் 'இது யார் சேனல்?' என்று கேட்டுவிட்டாலே வேலை முடிந்தது என்ற பழக்கம் நமக்கு வந்துவிட்டது. கைதுக் காட்சிக்கு அது போதும். பொருளாதாரச் செய்திக்குப் போதாது. அங்கே சார்பு வேலை செய்வதற்குப் பொய் தேவையில்லை, உண்மையான எண் ஒன்றே போதும்.

2021 ஆகஸ்ட் 31 அன்று வந்த ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கைப் பாருங்கள். ஏப்ரல்-ஜூன் காலாண்டில் 20.1 சதவீத வளர்ச்சி. எண் சரிதான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு அதே காலாண்டில், ஊரடங்கு நேரத்தில், பொருளாதாரம் 24.4 சதவீதம் சுருங்கியிருந்தது. நூறு ரூபாய் சம்பாதித்தவர் 75 ரூபாய் 60 காசுக்கு இறங்கி, அதிலிருந்து 20 சதவீதம் ஏறினால் கையில் சுமார் 91 ரூபாய்தான் இருக்கும். பழைய நூறை அவர் இன்னும் தொடவில்லை. கோடிக் கணக்கில் சொன்னால், 2019-இல் அந்தக் காலாண்டில் 35.66 லட்சம் கோடி, 2021-இல் 32.38 லட்சம் கோடி. 'அபார வளர்ச்சி' என்று திரையில் போட்டவரும் பொய் சொல்லவில்லை, 'இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை' என்று போட்டவரும் பொய் சொல்லவில்லை. எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று பார்க்காமல் சேனலை மாற்றினால் என்ன பிரயோஜனம்?

பங்குச் சந்தைச் செய்தியில் புள்ளிகளை மட்டும் பார்த்துப் பதறுவது இன்னொரு தவறு. 2024 ஜூன் 4, வாக்கு எண்ணிக்கை நாள். மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 4,390 புள்ளி சரிந்தது. 2020 மார்ச் 23 அன்று சரிந்தது 3,935 புள்ளிதான். எது பெரிய அடி? முதலாவது 5.74 சதவீதம், இரண்டாவது 13.15 சதவீதம். சென்செக்ஸ் ஏற ஏற 'வரலாறு காணாத சரிவு' என்று போடுவது சுலபமாகிக்கொண்டே போகும், 'வரலாறு காணாத உயர்வு' என்று போடுவதும்தான்.

கடன் கணக்கும் இப்படித்தான். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தன் நிதி நிலை பற்றி வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் கடன் என்று ஒரு வரி. டிவிக்கென்றே செய்த மாதிரியான எண். நம் வீட்டுக்கு யாரோ நோட்டீஸ் அனுப்பியது போல இருக்கும். ஆனால் மாநில வருமானத்தில் அது எத்தனை சதவீதம், வாங்கிய கடனில் பாலம் கட்டினார்களா அல்லது பழைய வட்டியைக் கட்டினார்களா என்பதெல்லாம் அந்த வரியில் கிடையாது. ஆட்சி மாறினால் இதே வகை எண் சேனல் மாறி ஓடும், அவ்வளவுதான்.

அதற்காக எல்லாவற்றையும் சதி என்று நினைப்பதும் தப்பு. பிபிசி தன்னுடைய வரி, அரசுச் செலவு, கடன் பற்றிய செய்திகளை ஆராயச் சொல்லி மைக்கேல் பிளாஸ்ட்லேண்ட், ஆண்ட்ரூ டில்னாட் என்ற இருவரிடம் கொடுத்தது. 2023 ஜனவரியில் வந்த அவர்கள் அறிக்கை, திட்டமிட்ட கட்சிச் சார்பு என்று சொல்லவில்லை. பல செய்தியாளர்களுக்குப் பொருளாதார அடிப்படையே போதாது, கடன் என்றாலே கெட்டது என்று சிலர் தன்னையறியாமல் நினைக்கிறார்கள் என்றது. நம் ஊரில் அப்படி ஓர் ஆய்வு நடந்தால் எனக்கும் பார்க்க ஆசைதான்.

அவசரமும் ஒரு காரணம். 2025 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் '12 லட்சம் வரை வருமான வரி இல்லை' என்று பிரேக்கிங் ஓடியது. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், வரிக்குரிய வருமானம் 13 லட்சம் வந்தால் மேலே உள்ள ஒரு லட்சத்துக்கு மட்டும் 15 சதவீதம், அதாவது 15,000 ரூபாய்தான் என்று கணக்குப் போட்டுவிட்டார். உண்மையில் 4 லட்சத்துக்கு மேல் ஒவ்வொரு அடுக்காக வரி ஏறி, 75,000 ரூபாயும் அதற்கு மேல் செஸ்ஸும் வரும். அந்த 12 லட்சம் ஒரு தள்ளுபடி வரம்புதான், வருமானம் அதற்குள் இருந்தால்தான் வரியை முழுதாகத் தள்ளுபடி செய்வார்கள். இதில் எந்தக் கட்சியின் சூழ்ச்சியும் இல்லை. திரையின் அடிப்பட்டையில் அவ்வளவு எழுத்துக்கு இடம் இல்லை.

அப்புறம், இரண்டு கட்சிச் சேனலையும் பார்த்துவிட்டு நடுவில் நின்றால் நடுநிலை என்று ஒரு நம்பிக்கை. டாஸ்மாக் சில்லறை விற்பனை 2003-இல் ஒரு கட்சி ஆட்சியில் தொடங்கி, மற்றக் கட்சி ஆட்சியிலும் நடந்தது. மது விற்ற பணத்தைப் பற்றிய கவலை, ஆட்சியில் இல்லாதவர் சேனலில்தான் அதிகம் கேட்கும். நீங்கள் ரிமோட்டை எத்தனை முறை அழுத்தினாலும், ஒரு பக்கத்தின் கோபமும் மறு பக்கத்தின் மௌனமும்தான் கிடைக்கும். கோபத்தையும் மௌனத்தையும் கூட்டி இரண்டால் வகுக்க முடியாது.

கடைசியாக, நம்மைப் பற்றியது. 1982-இல் லெபனானின் பெய்ரூட்டில் பாலஸ்தீன அகதிகள் கொல்லப்பட்ட படுகொலை பற்றிய டிவி செய்திகளை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களுக்குப் போட்டுக் காட்டிய ஆய்வு 1985-இல் வெளியானது. இஸ்ரேல் ஆதரவாளர்களும் அரபு ஆதரவாளர்களும் பார்த்தது ஒரே செய்திதான். இரு தரப்பும், செய்தி தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது என்றே சொன்னார்கள். 2001 ஜூன் 30 அன்று எங்கள் வீட்டில் எந்தச் சேனல் ஓடியது என்று நான் சொன்னால், இதுவரை படித்ததை நீங்கள் திரும்பவும் வேறு கண்ணோடு படிப்பீர்கள். அதனால்தான் சொல்லவில்லை.